முப்பந்தல் காற்றில் ஆடிய ஸ்விஃப்ட்: ஒரு வீல், டயர் மாற்றத்தின் முழு விவரம்

குலசேகரத்திலிருந்து ஒரு ரப்பர் ஷீட் வியாபாரி 2023 ஜூலையில் தன் காரை, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் என் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுவந்தார். 2016 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், நடு ரகமான விஎக்ஸ்ஐ. ஓடியது 71,000 கிலோமீட்டர். நான்கு சக்கரத்திலும் பளபளவென்று 17 அங்குல அலாய் வீல். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, ரோட்டைப் பிடிச்சு ஓடணும்னுதான் இதை மாட்டினேன். இப்போ முன்னைவிட மோசமா ஆடுது."

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கம் இந்தத் தொழிலில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இதே ஏமாற்றத்தோடு வருகிறவர்கள் பலர். ஆனால் இந்த வண்டியில் ஒரு வசதி இருந்தது. அவர் பழைய 14 அங்குல இரும்பு வீல்களை டயரோடு தன் ஷெட்டில் பத்திரமாக வைத்திருந்தார். பொறுமையும் இருந்தது. ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததை மாற்றி ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். அதனால்தான் எந்த வேலை எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

முதலில் அவருடைய ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். தினமும் திருவட்டார், அழகியமண்டபம், தக்கலை வழியாக நாகர்கோவில். வாரத்தில் ஒரு நாள் தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு வழியாகத் திருநெல்வேலி. மாதத்தில் இரண்டு மூன்று தடவை தடிக்காரன்கோணம், கீரிப்பாறை பக்கம் தோட்டங்களுக்கு. பின்னால் பெரும்பாலும் ஷீட் கட்டுகள் இருக்கும், அல்லது அம்மா இருப்பார். ஆக, ஒரே வண்டி மலை வளைவு, மழை, பாரம், நெடுஞ்சாலை, காற்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

அவருடைய பழைய குறை இரண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிக்குள் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு புகுவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஒரு லாரியை முந்தும்போது இரண்டு நொடி காற்று மறைந்து, லாரியின் முகப்பைத் தாண்டியதும் பக்கவாட்டில் ஓங்கி அறையும். அந்த இடத்தில் வண்டி அரை அடி விலகிப் போகிறது என்றார். இரண்டாவது, கீரிப்பாறை வளைவுகளில் மழை நேரம் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முன்பக்கம் நேராகவே சறுக்கிக்கொண்டு போவது.

இதற்கு மருந்தாக அகலமான டயரும் பெரிய வீலும்தான் வேண்டும் என்று யாரோ சொல்ல, வேறோர் ஊரில் ஒரு கடையில் பழைய 17 அங்குல அலாய் செட் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். அளவு 205/45 R17, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். இரண்டு மாதம் ஓட்டினார். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பின்னால் ஆள் ஏறினால் குழியில் டயர் உரசும் சத்தம். தக்கலைச் சாலையில் மழைத்தண்ணீர் மூடிக்கிடந்த பள்ளத்தில் விழுந்து இடது முன் ரிம்மின் உதடு வளைந்துவிட்டது. அம்மா சொன்னதை அவரே அப்படியே சொன்னார்: "மக்கா, இந்த வண்டியில இனி நான் வரல்ல. குழியில விழும்போ நடு முதுகுல அடிக்குது."

வீல்களைக் கழற்றியபோது கண்டது

இந்த ஸ்விஃப்டில் வீலை மாட்டும் ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டத்தின் விட்டம் 54.1 மில்லிமீட்டர். கம்பெனி வீலின் நடுத்துளை அதில் கச்சிதமாக உட்காரும். வெளியில் விற்கும் அலாய் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பெரிய துளையோடு வரும். இவர் மாட்டியிருந்ததில் 67.1 மில்லிமீட்டர். சுற்றிலும் ஆறரை மில்லிமீட்டர் சந்து. என் சுண்டுவிரல் நகத்தை அதற்குள் விட்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். எங்கும் தட்டவில்லை. அந்தச் சந்தை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. விலை மிகக் குறைவு. அதைப் போடாமலே நான்கு நட்டை மட்டும் நம்பி இறுக்கியிருந்தார்கள். நட்டை முறுக்கும் வரிசையில் கொஞ்சம் பிசகினாலும் வீல் மையம் தவறி உட்காரும். அப்புறம் சக்கர எடையைச் சமன்செய்யும் பேலன்சிங்கை எத்தனை தடவை செய்தாலும் 80-இல் நடுங்கத்தான் செய்யும், ஏனென்றால் பேலன்சிங் மெஷினில் வீல் சரியான மையத்தில் சுற்றுகிறது, வண்டியில் அப்படிச் சுற்றவில்லை.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அது குறைந்தால் டயர் வெளியே துருத்தும். மட்கார்டு விளிம்பிலிருந்து நூல் தொங்கவிட்டுப் பார்த்தேன், டயர் வெளியே தெரிந்தது. பார்க்க அழகுதான். ஆனால் டயரின் நடுப்பகுதி ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகிப்போவதால் ரோட்டின் ஒவ்வொரு வரம்பும் கைக்கு இழுப்பாக வரும், வீல் பேரிங்குக்கும் நெம்புகோல் போட்டதுபோல் சுமை கூடும். பின்னால் உரசியதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவதாகக் கண்டதுதான் எனக்கு உண்மையில் கவலை தந்தது. பழைய 165/80 R14 டயரின் பக்கத்தில் 85 என்று சுமைக் குறியீடு இருந்தது. அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். இந்த 17 அங்குல டயரில் இருந்தது 84. அதாவது 500 கிலோ. பார்வைக்கு அகலமாகத் தெரிகிற டயர், தாங்குவதில் பழையதைவிடக் குறைவு. ஷீட் கட்டு ஏற்றுகிற வண்டியில் இது கூடவே கூடாது. டயர் வாங்கும்போது அளவைப் பார்க்கிறோம், அதற்கு அடுத்து எழுதியிருக்கும் இரண்டு இலக்க எண்ணையும் ஓர் எழுத்தையும் பார்ப்பதில்லை. தயவுசெய்து பாருங்கள். எழுத்து அதிகபட்ச வேகத்துக்கானது: டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210.

டயர் தயாரான வாரமும் பக்கத்திலேயே இருந்தது: 3817. 2017-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரம். கிட்டத்தட்ட ஆறு வயது. பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளின் உயரம், மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. மோட்டார் வாகன விதிப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, அதற்கு இன்னும் போகவில்லை என்பது உண்மை. ஆனால் பட்டன் தேய்ந்த அகல டயர் மழைத்தண்ணீரின் மேல் சீக்கிரமே மிதந்துவிடும். அகலம் கூடக்கூட, தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வேலையும் கூடுகிறது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. அகல டயர் என்றாலே பிடிப்பு என்கிற கணக்கு இங்கே செல்லாது.

அன்று மாலை அவருடைய ஷெட்டுக்குப் போனோம். ஷீட் எடை போடும் தராசில் வீல்களை ஒவ்வொன்றாக ஏற்றினோம். பழைய 14 அங்குலம், டயரோடு சேர்த்து 13.6 கிலோ. 17 அங்குலம், டயரோடு 19.2 கிலோ. ஒரு சக்கரத்துக்கு ஐந்தரை கிலோவுக்கு மேல் கூடுதல். இந்த எடை ஸ்பிரிங்குக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. சக்கரம் குழியில் விழுந்து எழும்போது ஷாக் அப்சார்பர் இந்தப் பாரத்தையும் சேர்த்து அடக்க வேண்டும். அடக்க முடியாதபோது டயர் ஒரு கணம் ரோட்டை விட்டு எழும்புகிறது. எழும்பி இருக்கும் நேரத்தில் பிடிப்பு என்பதே கிடையாது. அதோடு பழைய டயரின் பக்கச்சுவர் உயரம் 132 மில்லிமீட்டர், இதற்கு 92. அம்மாவின் முதுகுக்கும் வளைந்த ரிம்முக்கும் காரணம் அந்த நாற்பது மில்லிமீட்டர்தான்.

17 அங்குலத்துக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். காய்ந்த, நல்ல ரோட்டில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் உடனே கேட்டது. பக்கச்சுவர் குட்டை என்பதால் டயர் வளைவில் மடங்காது. அந்தச் சுகத்தை நானும் ஓட்டி உணர்ந்தேன். மழையில்லாத, குழியில்லாத ரோடு கிடைப்பவர்களுக்கு, சரியான ஆஃப்செட்டும் சரியான சுமைக் குறியீடும் உள்ள செட் பொருத்தமாக இருக்கலாம்.

"ஹப் ரிங் மட்டும் போட்டு இதையே ஓட்டலாமா அண்ணே?" என்று கேட்டார். நடுக்கம் போகும், மற்றது எதுவும் போகாது என்றேன். வளைந்த ரிம்மைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருவார்கள். வார்ப்பு அலாயில் அதை நான் செய்யவும் மாட்டேன், செய்த வீலை முன்பக்கம் மாட்டவும் மாட்டேன். உள்ளே மயிரிழையாக விரிசல் இருந்தால் வெளியில் தெரியாது.

முதல் குறைக்கு உண்மையான காரணம்

வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்தபோது மனசு கஷ்டப்பட்டது. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் இடது லோயர் ஆர்மின் பின் புஷ் (ரப்பர் இணைப்பு) கிழிந்து ரப்பர் பிதுங்கியிருந்தது. கம்பியால் நெம்பினால் ஆர்ம் முன்னும் பின்னும் போகிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் இடது டை ராட் எண்டிலும் லேசான ஆட்டம். அலைன்மென்ட் கருவியை மாட்டினால் முன் சக்கரங்கள் இரண்டும் மொத்தமாக நான்கு மில்லிமீட்டர் வெளிநோக்கி விரிந்திருந்தன. அப்படி விரிந்தால் வண்டி நேராகப் போகவே விரும்பாது, ஒவ்வொரு சின்னத் தள்ளலுக்கும் ஒரு பக்கம் ஓடப் பார்க்கும். இதற்குமேல் டயர் காற்று வேறு: கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் அளவைவிட 8 பிஎஸ்ஐ கூடுதலாக அடித்திருந்தார். மைலேஜ் கிடைக்கும் என்று பங்க்கில் சொன்னார்களாம். காற்று கூடினால் டயர் நடுவில் உப்பி, ரோட்டில் பதியும் பரப்பு சுருங்கும்.

முப்பந்தலில் அரை அடி விலகியதற்கு இவையெல்லாம் காரணம். வீல் அளவு அல்ல. இதைப் பார்க்காமலே அவர் பணத்தைக் கொட்டியிருக்கிறார்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். 17 அங்குலத்தோடு அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரல்வாய்மொழி தாண்டியதிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு 70 வேகத்தில் அவர் எத்தனை தடவை ஸ்டீயரிங்கைத் திருத்துகிறார் என்று எண்ணினேன். 41 தடவை. மறுநாள் லோயர் ஆர்ம் இரண்டு பக்கமும் புதிது, டை ராட் எண்ட் புதிது, பழைய 14 அங்குல இரும்பு வீல்களை மாட்டி, அலைன்மென்ட் செய்து, காற்றை ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்தேன். இந்த வண்டியில் முன்பக்கம் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளோ வெளியோ விரியும் அளவு, அது மட்டும்தான் திருத்த முடியும். சக்கரத்தின் சாய்வான கேம்பர் கம்பெனி வைத்ததுதான், பின்பக்கம் திருத்த ஒன்றுமில்லை. அதே ரோடு, அதே வேகம், அதே மதிய நேரம். 17 தடவை. இரண்டு நாள் காற்றும் ஒரே அளவாக இருந்திருக்காது, அதனால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வித்தியாசம் எண்ணித் தெரிய வேண்டியதாகவும் இல்லை. இரண்டாம் நாள் அவர் தோள் இறங்கி, ஒரு கையைக் கதவில் வைத்து ஓட்டினார்.

ஏழு வருடப் பழைய டயர், ஒரு ரூபாய்க்குக்கூட வீல் மாற்றாமல், முப்பந்தல் காற்றில் ஆடும் குறை முக்கால்வாசி தீர்ந்தது.

மழைக் குறை தீரவில்லை. கீரிப்பாறை வளைவில் அந்த 14 அங்குல டயர்கள் இன்னும் சறுக்கின. பட்டன் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் ரப்பர் இறுகிவிட்டது. இதை விளக்க அவரிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. கடையில் இருந்த ஒரு புது டயரின் பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்தச் சொன்னேன். நகம் பதிந்து, எடுத்ததும் தடம் மெதுவாக மறைந்தது. அவருடைய பழைய டயரில் அழுத்தினார். பலகையில் அழுத்தியதுபோல் இருந்தது. ரப்பர் பால் வெட்டிலிருந்து ஷீட் வரை கையால் தொட்டு வளர்ந்தவர். ஒரு ஷீட்டை வளைத்துப் பார்த்தே தரம் சொல்பவர். "இது செத்த ரப்பர்" என்றார். அதுதான் சரியான வார்த்தை. வெயிலும் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனும் பட்டுப்பட்டு ரப்பர் இறுகிப்போகிறது. இறுகிய ரப்பர் தார் ரோட்டின் நுண்ணிய மேடுபள்ளத்துக்குள் இறங்காது. ஈரத்தில் பிடிப்பு அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்து ரப்பர், டயர் கம்பெனிகளுக்குப் போய், டயராகத் திரும்பி வருகிறது. அதன் குணத்தை நம்மைவிட யார் நன்றாக அறிவார்கள் என்று அப்போது தோன்றியது.

ஏன் 15 அங்குலம்

இதே தலைமுறை ஸ்விஃப்டில் உயர்ந்த மாடலான இசட்எக்ஸ்ஐக்கு கம்பெனியே 185/65 R15 கொடுத்தது. தேடுவதற்கு இதைவிட நல்ல இடமில்லை. கணக்கையும் போட்டுக் காட்டினேன். 165-இல் 80 சதவீதம் 132. மேலும் கீழும் சேர்த்து 264. ரிம் 14 அங்குலம் என்றால் 355.6. மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர். 185/65 R15-க்கு இதே கணக்கு 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது, கியர் விகிதம் மாறாது, மட்கார்டில் உரசாது. பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர், குழிக்குப் போதும். சுமைக் குறியீடு 88, அதாவது 560 கிலோ. பழையதைவிட ஒரு சக்கரத்துக்கு 45 கிலோ கூடுதல்.

16 அங்குலத்தில் 195/55-உம் விட்டத்தில் பொருந்தும், 620.9. அவருக்கு அதில் ஆசை இருந்தது. பக்கச்சுவர் 107-க்கு இறங்குகிறது, தக்கலை ரோட்டுக்கு வேண்டாம் என்று தடுத்தேன். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவு விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்துக் காப்பீட்டில் கேள்வி எழும்பும்போது, அதே மாடலுக்குக் கம்பெனி தந்த அளவு என்றால் பதில் சொல்லச் சுலபம்.

வீலுக்கு, இசட்எக்ஸ்ஐ வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி அலாய் நான்கு கிடைத்தது. பழசுதான். வாங்குவதற்கு முன் நான்கையும் பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மாகச் சுற்றவிட்டுப் பார்த்தேன். ஒன்று லேசாக ஆடியது, திருப்பிக் கொடுத்து வேறு எடுத்தோம். பழைய அலாய் வாங்குகிறவர்கள் டயர் மாட்டிய நிலையில் வாங்காதீர்கள். வெறும் ரிம் சுற்றுவதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

டயர், ஈரப் பிடிப்புக்காக சிலிகா கலந்த ரகம். நான்கும் ஒரே மாடல், ஒரே வருடத்தில் வந்தவை. புது வால்வு. டயர் நான்குக்கும் ரூ. 24,000 அளவில் ஆனது, பழைய அலாய்க்கு ரூ. 14,000. 17 அங்குல செட்டுக்கு அவர் கொடுத்ததைவிட எல்லாம் சேர்த்தும் குறைவு. எடை, டயரோடு 14.9 கிலோ.

மாட்டும் வேலையில் நான் விடாமல் செய்கிற சிலவற்றைச் சொல்கிறேன். ஹப் முகத்தில் துருவேறியிருந்தது. ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, உலோகம் தெரிந்த பிறகே வீலை வைத்தேன். துரு ஒரு மில்லிமீட்டர் மேடாக இருந்தாலும் வீல் சாய்ந்து உட்காரும். நட்டைக் கையால் முறுக்கி, எதிரெதிராக இறுக்கி, வண்டி தரையில் இறங்கிய பின் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடித்தேன். ஏர் கன் வைத்து டர்ரென்று ஒரே மூச்சில் இறுக்குவதை அனுமதிக்காதீர்கள். ஓட ஆரம்பித்து நூறு கிலோமீட்டருக்குள் திரும்பி வரச் சொல்லி மறுபடி சரிபார்த்தேன். இரண்டு நட்டுகள் கொஞ்சம் இளகியிருந்தன.

புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கப் போட்ட பூச்சு இருக்கும். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொன்னேன். ஸ்டெப்னி பழைய 14 அங்குலமே. விட்டம் ஒன்றுதான் என்பதால் பஞ்சர் கடை வரை போகப் பிரச்சினையில்லை. ஸ்டெப்னியோடு மலை ரோட்டிலோ நெடுஞ்சாலை வேகத்திலோ ஓட வேண்டாம்.

மாற்றிய பிறகு

முப்பந்தலில் மூன்றாவது எண்ணிக்கை 12. 14 அங்குலத்தில் வந்த 17-க்கும் இதற்கும் பெரிய இடைவெளி இல்லை, அதைப் பெருமையாகச் சொல்லவும் மாட்டேன். உண்மையான மாற்றம் கீரிப்பாறையில் தெரிந்தது. ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தடிக்காரன்கோணம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் ரோடு நுழையும் இடங்களில் இலைச்சருகு நனைந்து ஒட்டிக்கிடந்தது. முன்பு அவர் இரண்டாம் கியருக்கு இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் ஓர் இடது வளைவு உண்டு. அதே வேகத்தில் போனார். முன்பக்கம் அவர் காட்டிய பக்கம் திரும்பியது. வளைவு முடிந்ததும் வண்டியை ஓரம் நிறுத்தி, இறங்கி மழையில் நின்று டயரைப் பார்த்தார். நானும் இறங்கினேன். பட்டன் சந்துகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் எனக்கு இதுதான் சம்பளம்.

பாதகமும் உண்டு. நிறுத்தும் இடங்களில் ஸ்டீயரிங் கொஞ்சம் கனமாகத் தெரிகிறது. மைலேஜ், அவர் கணக்கில் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் அளவில் குறைந்திருக்கிறது. 17 அங்குலத்தில் ஒன்றரை குறைந்திருந்தது.

8,000 கிலோமீட்டர் ஓடி ஜனவரியில் வந்தார். பட்டன் அளந்தேன். புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது முன்பக்கம் 6.9, பின்பக்கம் 7.4. உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது, ஆகவே அலைன்மென்ட் நிற்கிறது. முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றினேன். காற்று நான்கிலும் ஸ்டிக்கரில் உள்ளபடியே இருந்தது. சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி, வாரம் ஒரு நாள் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்க்கிறாராம். வேலை முடியும்வரை அம்மா பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.